திரும்பி வரக் காசு இருக்கா?

சிங்கப்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டில் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். அம்மா, இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது என்றார். அப்பா, நம்ம ஆளுங்க வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். ஈப்போவிலிருந்து வந்திருந்த அத்தை, யாரையும் நம்பாதே என்றார். அண்ணன் ஆன்லைனில் வாங்கிய மிளகு ஸ்ப்ரே ஒன்றைக் கையில் திணித்தான். அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோவதே குற்றம் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்லவேளையாக அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனேன்.

பாட்டி மட்டும் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"திரும்பி வர காசு இருக்கா?"

"சம்பளம் வரும் பாட்டி."

"சம்பளத்தக் கேக்கல. இப்ப, உன் கையில இருக்கா?"

நான் சிரித்தேன். சிங்கப்பூர்தானே. ஈப்போவில் இரவு பஸ் ஏறினால் காலையில் போய் இறங்கிவிடலாம். சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை செய்கிறார்கள். அதை வெளிநாடு என்று சொல்லவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். பாட்டி நாட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிய ஐந்து மாதம் ஆனது.

எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு, பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்தேன். பராமரிப்புப் பிரிவு. இருபத்தாறு வயதில் ஜூரோங்கில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அப்பாவே இடம் பார்த்துவிட்டார். கோயில் திருவிழாவில் பழக்கமானவர், எங்கள் பேராக் பக்கத்துக்காரர், ஈசூனில் வீவக வீடு வைத்திருக்கிறார். ஒரு அறை காலி. ஆன்ட்டியும் இருக்கிறார். "நம்ம புள்ள மாதிரி பாத்துக்குவாரு" என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் வீட்டுக் கவலை முழுவதும் தீர்ந்தது.

நானும் நம்பினேன். அதை மறைக்க விரும்பவில்லை. அங்கிள் என்னை பஸ் நிறுத்தத்துக்கே வந்து அழைத்துப்போனார். முன்பணம் 900 வெள்ளி, முதல் மாத வாடகை 900 வெள்ளி, இரண்டையும் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. நம்ம ஆளிடம் ரசீது கேட்பது எப்படி? வீவகவில் என் பெயரைப் பதிய வேண்டும் என்று கடப்பிதழைக் கேட்டார். அதையும் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது, "பீரோவுல பத்திரமா இருக்குமா. நீ பொம்பளப் புள்ள, வேல வேலன்னு ஓடுற, எங்கயாவது தொலைச்சிடுவ" என்றார். அந்தக் குரலில் பாசம்தான் இருந்தது. அன்றாடத்துக்கு வேலை அனுமதி அட்டை போதும் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. என் அறைக்கதவில் தாழ்ப்பாள் இல்லை. போடலாமா என்று கேட்டால், "வீட்டுக்குள்ள எதுக்கு?" நான் எத்தனை மணிக்கு வருகிறேன், யார் காரில் வந்து இறங்கினேன் என்பதெல்லாம் அப்பாவுக்கு நான் சொல்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது. ஓரிரவு விழித்துப் பார்த்தேன், அவர் என் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். மழை வருகிறது, ஜன்னலைச் சாத்த வந்தேன் என்றார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

இதைச் சொல்லும்போது எல்லோரும் அடுத்ததாக ஒன்று கேட்பார்கள். அம்மாவும் கேட்டார். "ஏதாச்சும் பண்ணினானா?" இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அந்த வீட்டில் ஐந்து மாதம் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் தூங்கினேன். ஏதாவது நடந்தால்தான் பாதுகாப்பு இல்லை என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நாற்காலி அந்தக் கணக்கில் வராது.

ஒரு வியாழக்கிழமை இரவு அண்ணன் அழைத்தான். பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார், ஒரு பக்கம் அசைவில்லை, ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம் என்றான். அப்போதே கிளம்பினால் விடிவதற்குள் ஊர்ப்பக்கம் போய்விடலாம். பீரோ பூட்டியிருந்தது. அங்கிள் நண்பர்களோடு பாத்தாம் தீவுக்குப் போயிருந்தார். ஆன்ட்டியிடம் கேட்டேன். "சாவி அவர்கிட்டதாம்மா இருக்கு. என் நகையே அதுலதான் இருக்கு, நான் என்ன பண்ண?" என்றார். அவரும் என்னைப் போலத்தான் நின்றார். இருபது வருடமாக அந்த வீட்டில் இருப்பவர்.

அங்கிளுக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துத் தருகிறேன் என்றார். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாரு. என் நாடு. பஸ்ஸில் ஒரு மணி நேரம். போக முடியவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட வேலை செய்யும் சீனப் பெண் ஒருத்தி விசாரித்தாள். அவள் ஈப்போக்காரி. சொன்னேன். அவள் சிங்கப்பூரின் கடப்பிதழ்ச் சட்டத்தைக் கைப்பேசியில் தேடி என்னிடம் காட்டினாள். இன்னொருவருடைய வெளிநாட்டுக் கடப்பிதழைக் காரணமில்லாமல் கையில் வைத்திருப்பது அங்கே குற்றம். "இதைத் தமிழில் எழுதி அனுப்பு" என்றாள். ஆங்கிலத்திலேயே எழுதினேன். தமிழில் எழுதினால் மரியாதை குறுக்கே வந்துவிடும் என்று தோன்றியது. நாளை மாலை ஆறு மணிக்குள் கடப்பிதழ் என் கையில் இல்லையென்றால் போலீஸ் நிலையத்துக்குப் போவேன் என்று புலனத்தில் அனுப்பினேன். அவர் எனக்குப் பதில் அனுப்பவில்லை. அப்பாவை அழைத்தார். அப்பா என்னை அழைத்து, "பெரிய மனுஷர்மா, கொஞ்சம் பொறுத்துப் போ" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மாலை கடப்பிதழ் வந்தது. அன்றிரவே பஸ் ஏறினேன். பாட்டி பிழைத்துக்கொண்டார், ஆனால் பேச்சுப் போய்விட்டது. வியாழக்கிழமை இரவும் வெள்ளிக்கிழமை காலையும் அவர் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தாராம். என்னைக் கேட்டாராம்.

திரும்பிப் போய் அறையைக் காலி செய்தேன். வீவக வீட்டில் தங்குபவராக என் பெயர் பதிவாகவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடப்பிதழைக் கேட்டதற்கு அவர் சொன்ன காரணமே பொய். முன்பணம் வரவில்லை. குடியிருப்பு வாடகைத் தகராறுகளுக்கு அங்கே சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, எதை எடுத்துக்கொண்டு போவது? 900 வெள்ளியைப் படிப்புக் கட்டணமாக எழுதிக்கொண்டேன்.

பாட்டி ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அது அவருடைய கேள்வி அல்ல. அவருடைய அம்மாவின் கேள்வி.

என் பூட்டி 1937இல் நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். இருபது வயது, கைம்பெண். கூட்டிவந்த கங்காணி அதே ஊர்க்காரர். பூட்டி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாராம். நாகப்பட்டினம் டிப்போவில் அம்மை குத்தி, பெயர் எழுதும்போதுதான் தனக்கு ஒரு புருஷன் இருப்பது பூட்டிக்குத் தெரியவந்தது. தனியாக வரும் பெண்ணைவிட ஜோடியாக வரும் பெண்ணைக் கப்பலேற்றுவது சுலபம் என்பதால் கங்காணி பட்டியலில் இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் இவரை மனைவி என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இன்னொருவர்தான் என் பூட்டன். நல்ல மனுஷர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார் என்று பாட்டி சொல்வார். சின்ன வயதில் இதை நாங்கள் காதல் கதை மாதிரி கேட்போம். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அவர் நல்லவராக அமைந்தது அதிர்ஷ்டம். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

பினாங்கில் ஜெரெஜாக் தீவில் தடுப்புக்காவல், பிறகு சுங்கை சிப்புட், தோட்டம், லயத்து வீடு. வந்த முதல் மாதமே கங்காணி கப்பல் காசும் சேலைக் காசும் தரவேண்டும் என்றிருக்கிறார். பூட்டி பால்மரம் வெட்டிய சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டே இருந்தார். ஜப்பான்காரன் வரும்வரை கட்டினார். திரும்பிப் போகலாம் என்று நினைத்த போதெல்லாம் கையில் காசு இல்லை. மகளுக்கு அவர் விட்டுப்போன ஒரே புத்திமதி அந்தக் கேள்விதான்.

சிங்கப்பூரில் தனியாக ஒரு அறை பிடித்த பிறகு, சனிக்கிழமைகளில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். மலாயாவுக்கு வந்த கூலிப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா எழுதி 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட நூலில் ஆரம்பித்து, அங்கிருந்து பழைய சட்டங்களுக்குப் போனேன். படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பூட்டி எந்தக் கப்பல் காசும் தரவேண்டியதே இல்லை. 1907இலேயே குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டுவிட்டது. முதலாளிகள் கட்டும் வரிப்பணத்திலிருந்துதான் பயணச் செலவு போனது. உதவி பெற்று வந்த தொழிலாளி கடனில்லாமல் இறங்க வேண்டும், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டுப் போகலாம் என்பது விதி. வந்த ஒரு வருடத்துக்குள் உடம்பு சரியில்லை, முதலாளி அநியாயம் செய்கிறார் என்று காட்டினால் இலவசமாக ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கோலாலம்பூரில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

சட்டம் அவருக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. அந்தக் கதவைப் பற்றி அவரிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் கங்காணி மாமா. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இரண்டு காசு தலைக்காசு வாங்கியவர். அவர் எப்படிச் சொல்வார்? முகம் தெரிந்தவர், ஒரே ஊர், ஒரே பேச்சு. பூட்டி நம்பியதும் அதனால்தான், மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

எங்கள் ஊர் சரித்திரப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16க்காக. அன்று காலை எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலுமாக மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. பாட்டிக்கு அப்போது எட்டு வயது. அவருக்கு நினைவிருப்பது துப்பாக்கிச் சத்தம் அல்ல, பின்னால் லயங்களைச் சுற்றிப் போட்ட முள்வேலி. உங்க பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னார்களாம். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சாவி காவல்காரரிடம் இருக்கும்.

இதையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டு, நாங்கள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள் என்று முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் அத்தை வீடு ஞாபகத்துக்கு வருகிறது.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஈப்போ அத்தை வீட்டில் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு அக்கா வேலை செய்தார். பள்ளி விடுமுறைக்குப் போனால் எனக்குத் தலை பின்னிவிடுவார். ஒருநாள் அத்தை எடுத்துவரச் சொன்ன ஏதோ ஒன்றுக்காக அலமாரியைத் திறந்தேன். பிஸ்கட் டின்னுக்குள் அத்தையின் சங்கிலி, வீட்டுப் பத்திரம், அந்த அக்காவின் பச்சைக் கடப்பிதழ். "ஏன் அத்தை இது இங்க இருக்கு?" என்று கேட்டேன். "பத்திரமா இருக்கட்டும்னுதான். ஓடிப்போயிட்டா ஏஜெண்டுக்குக் கட்டின காசு யார் குடுப்பா?" என்றார். ஒரே மூச்சில் இரண்டு காரணம். இரண்டாவதுதான் உண்மை என்பது பதினான்கு வயதிலேயே எனக்கு விளங்கியது. டின்னை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அது 2011ஆக இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் கடப்பிதழைத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம், வாரம் ஒருநாள் விடுமுறை உண்டு என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் கையெழுத்துப் போட்டது அந்த வருடம்தான். நம் நாட்டின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது அதற்கு முன்பே குற்றம். எங்கள் வீட்டில் யாருக்கும் இது குற்றமாகத் தெரியவில்லை. அத்தை அவருக்கு நல்ல சாப்பாடு போட்டார், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தார். ஈசூன் அங்கிளும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி எடுத்து வைப்பார்.

ஈசூனிலிருந்து வெளியேறிய பிறகு அத்தையிடம் இதைப் பேசினேன். "அதுவும் இதுவும் ஒண்ணா? நீ படிச்ச புள்ள" என்று கோபித்துக்கொண்டார். அந்த அக்கா எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத ஓர் இரவில் அவரும் அந்த அலமாரி முன்னால் நின்றாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க இனி வழியில்லை.

தொழிற்சாலையில் எங்களுக்கு முதல் வாரமே கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. லாக்-அவுட் டேக்-அவுட். ஒரு பம்ப்பைப் பழுதுபார்க்கப் போகிறோம் என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த சுவிட்சில் பூட்டுப் போடுவோம். மேலதிகாரி ஒரு பூட்டுப் போட்டுவிட்டால் போதாது. பத்துப் பேர் வேலை செய்தால் பத்துப் பூட்டு. ஒவ்வொருவர் சாவியும் அவரவர் சட்டைப்பையில். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை அந்த இயந்திரம் ஓடாது. மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "உன் சாவிய நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. யாரையும் சந்தேகப்பட்டு வைத்த விதி அல்ல இது. நல்லவர்களும் மறப்பார்கள், பாத்தாமுக்குப் போவார்கள். அதனால் உயிர் யாருடையதோ சாவி அவரிடம்.

பினாங்கில் மூன்று வருடம் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். சிங்கப்பூரில் இறங்கிய முதல் மணி நேரத்தில் என் சாவியைத் தூக்கிக் கொடுத்தேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு என்றால் பூட்டும் சாவியும். வீட்டில் பாதுகாப்பு என்றால் ஆள். யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் கேள்வியே. அப்பாவிடமிருந்து அங்கிளிடம், பிறகு ஒருவேளை புருஷனிடம். 2022இல் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் நல்ல வேலை என்று நம்பி கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய் மோசடிக் கும்பல்களிடம் மாட்டியபோதும் அங்கே முதலில் பறிக்கப்பட்டது கடப்பிதழ்தான். ஆம்பளைப் பிள்ளைகளும்தான் போனார்கள். கூடப் பழகியவர்கள் கூப்பிட்டும் போனார்கள்.

போன மாதம் சித்தி மகள் மெல்பர்னுக்கு மேற்படிப்புக்குக் கிளம்பினாள். இருபத்துமூன்று வயது. அவளுக்கு நான் சொன்னவை இவ்வளவுதான். முதல் இரண்டு வாரத்துக்கு உன் காசில் ஒரு விடுதி அறை எடு. யார் வீட்டுக்குப் போனாலும் அதற்குப் பிறகு போ. வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டாதே. பணத்தை வங்கி வழியாகவே அனுப்பு, நம்ம ஆளென்றாலும் ரசீது கேள். கோபித்துக்கொண்டால் அந்த வீடு வேண்டாம். அறைக்கதவு உள்ளிருந்து பூட்டவேண்டும். கடப்பிதழைக் கேட்டால் நகல் கொடு, அசலைக் காட்டிவிட்டு அங்கேயே திருப்பி வாங்கு. அங்கே அவசரத்துக்கு எண் 000, நம் 999 இல்லை. நம் தூதரக அலுவலகம் எங்கே இருக்கிறது என்று போகும் முன்பே பார்த்து வை. குடும்பத்துக்குத் தெரியாத தோழி ஒருத்தியைப் பிடி, ஏனென்றால் குடும்பத்துக்குத் தெரிந்தவர் முதலில் குடும்பத்துக்குத்தான் போன் பண்ணுவார். விமான டிக்கெட்டுக்கான காசைத் தனிக் கணக்கில் போட்டு வை, பட்டினி கிடந்தாலும் தொடாதே.

இவையெல்லாம் இருந்தால் ஆபத்து வராதா என்றாள். வரும். வெளியே வரலாம், அவ்வளவுதான் என்றேன்.

கிளம்பும் அன்று பாட்டியிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனோம். தாமான் வீட்டு முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். இன்னும் பேச்சு வரவில்லை. திருநீறு பூசிவிட்டு, நன்றாக இருக்கும் இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். தங்கச்சிக்குப் புரியவில்லை. பாட்டி செலவுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, பையைத் திறந்து ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினாள். பாட்டி அதைத் தட்டிவிட்டு மறுபடியும் விரலைத் தேய்த்தார். என்னைப் பார்த்தார்.

"திரும்பி வரக் காசு இருக்கான்னு கேக்கிறாங்க" என்றேன்.

"இருக்கு பாட்டி."

பாட்டி விரலை அவள் கைப்பைக்கு நேராக நீட்டினார். அவள் திறந்து காட்டும்வரை கையை இறக்கவில்லை.